எதிரணி மேடையில் ஏறியவர்கள்

சென்ற மாதம் ஒரு வாசகர், 'ஒத்துவராத கூட்டத்தில் போய்ப் பேசுவதால் அரசியல்வாதிக்கு என்ன ஆதாயம்?' என்று கேட்டிருந்தார். 'லிபர்ட்டி பல்கலைக்கழகத்துக்குப் போய்வந்த பெர்னி சாண்டர்ஸைத்தான் கேட்க வேண்டும்' என்று ஒரே வரியில் எழுதித் தப்பித்துக்கொண்டேன். நீங்கள் விடவில்லை. வந்த கடிதங்களில் சிலவற்றை எடுத்து, இந்த இதழின் பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன். கிரிக்கெட், சமையல் எண்ணெய் விலை, என் வயது ஆகியவை பற்றிய கேள்விகளை அடுத்த இதழில் பார்க்கலாம்.

லிபர்ட்டியில் அப்படி என்னதான் நடந்தது?
- கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

2015 செப்டம்பர் 14, திங்கட்கிழமை காலை. இடம், வர்ஜீனியா மாநிலத்து லிஞ்ச்பர்க். ஜெர்ரி ஃபால்வெல் என்ற பாப்டிஸ்ட் போதகர் 1971இல் தொடங்கிய லிபர்ட்டி, அமெரிக்கக் கிறிஸ்தவ வலதுசாரிகளின் கோட்டை. அங்கே விடுதியில் தங்கிப் படிக்கிறவர்கள் வாராந்தரக் கூட்டங்களுக்கு வந்தே ஆக வேண்டும். ஆகவே சாண்டர்ஸின் முன்னால் உட்கார்ந்திருந்த ஏறக்குறைய 12,000 பேரில் பெரும்பாலோர் ஆசைப்பட்டு வந்தவர்கள் அல்லர், வருகைப் பதிவுக்காக வந்தவர்கள். பேச வந்தவரோ வெர்மான்ட்டிலிருந்து அமெரிக்க செனட்டுக்குத் தேர்வானவர், ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராக முயன்றுகொண்டிருந்தவர், தன்னை ஜனநாயக சோஷலிஸ்ட் என்று சொல்லிக்கொள்கிறவர், யூதர். போதாததற்கு அன்று யூதர்களின் புத்தாண்டு.

மனிதர் சுற்றி வளைக்கவில்லை. பெண்ணின் கருக்கலைப்பு உரிமையையும் தன்பாலினத் திருமணத்தையும் ஆதரிப்பவன் நான், இவற்றில் உங்களுக்கும் எனக்கும் ஒத்துப்போகாது என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் மத்தேயு ஏழாம் அதிகாரத்துக்குப் போனார்: 'மனுஷர் உங்களுக்கு எவைகளைச் செய்ய விரும்புகிறீர்களோ, அவைகளை நீங்களும் அவர்களுக்குச் செய்யுங்கள்.' அடுத்து ஆமோஸ் தீர்க்கதரிசி: 'நியாயம் தண்ணீரைப்போலவும், நீதி வற்றாத நதியைப்போலவும் புரண்டுவரக்கடவது.' அங்கிருந்து குழந்தைகளின் வறுமை, கூலி, பணக்காரர் ஏழை இடைவெளி என்று தன் வழக்கமான வண்டியில் ஏறிக்கொண்டார்.

உரை முடிந்ததும், கூட்டத்தை நடத்திய போதகர் மாணவர்களின் சார்பில் ஒரு கேள்வியை எடுத்தார். குழந்தைகளைக் காக்க வேண்டும் என்கிறீர்களே, தாயின் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு அந்தக் காப்பு இன்னும் அதிகமாக வேண்டாமா? அரங்கமே எழுந்து ஆர்ப்பரித்தது. ஆர்ப்பரிப்பு அடங்கும் வரை சாண்டர்ஸ் நின்றுகொண்டிருந்தார். பிறகு, உங்கள் நம்பிக்கையை மதிக்கிறேன், ஆனால் அந்த முடிவை அரசாங்கம் ஒரு பெண்ணுக்காக எடுக்கக் கூடாது என்ற பொருளில் பதில் சொன்னார். அதற்குக் கைதட்டல் குறைவு. எனக்கு அந்த உரையைவிட, ஆர்ப்பரிப்புக்கு நடுவே அவர் நின்ற அந்தச் சில நொடிகள்தாம் பிடித்தன.

என் தங்கை குடும்பம் லிஞ்ச்பர்க்கிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் ரோனோக்கில் இருக்கிறது. அடுத்த வீட்டு அம்மையார் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், ஞாயிறும் புதனும் தவறாமல் சபைக்குப் போகிறவர். தங்கைக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை நடந்தபோது, நான்கு வாரம் அவருடைய சபையார்தான் முறை வைத்துப் புல்வெளியை வெட்டிக் கொடுத்தார்கள். அவருடைய பேத்தி அன்று அந்த அரங்கில் இருந்திருக்கிறாள். அடுத்த ஆண்டு நான் அங்கே போனபோது கேட்டேன். 'அந்தக் கிழவர் எதையும் மறைக்கவில்லை என்று பேத்தி சொன்னாள்' என்றார். 'அப்படியானால் ஓட்டு?' என்றேன். நான் ஏதோ வேடிக்கை சொன்னதுபோலச் சிரித்தார்.

முதலில் போனவர் சாண்டர்ஸ்தானா?
- வாசகர், மன்னார்குடி

இல்லை. 32 ஆண்டுகளுக்கு முன்பே ஜனநாயகக் கட்சி செனட்டர் எட்வர்ட் கென்னடி போய்விட்டார். அதுவும் ஒரு தபால் குளறுபடியால். ஃபால்வெல்லின் 'மாரல் மெஜாரிட்டி' அமைப்பு, கென்னடி போன்ற தீவிர முற்போக்காளர்களை எதிர்க்கப் பணம் அனுப்புங்கள் என்று ஒரு கடிதத்தையும், கூடவே உறுப்பினர் அட்டை ஒன்றையும் தவறுதலாகக் கென்னடிக்கே அனுப்பிவிட்டது! பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். அட்டையைத் திருப்பிக் கேட்பீர்களா என்று கேட்டதற்கு, வேண்டாம், ஒருமுறை இங்கே வந்து போகட்டும் என்று ஃபால்வெல் தரப்பில் வேடிக்கையாகச் சொன்னார்கள். கென்னடி அதையே அழைப்பாக எடுத்துக்கொண்டார்.

1983 அக்டோபர் 3. ஒரு கென்னடி இந்த வளாகத்துக்குள் வருவதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்று வாஷிங்டனில் நினைக்கிறார்கள் என்று தொடங்கினார். மாணவர்களுக்கு அன்றிரவு விடுதி நேரத்தை நீட்டித்துக் கொடுத்திருப்பதாகவும், பதிலுக்கு ஃபால்வெல்லின் ஞாயிற்றுக்கிழமை டி.வி. நிகழ்ச்சியைப் பார்க்கத் தாம் ஒப்புக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். சிரிக்க வைத்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். உண்மை என்று ஒன்று உண்டு, ஆனால் அதற்கு நான் மட்டுமே சொந்தக்காரன் என்று நம்மில் யார் சொல்ல முடியும் என்று கேட்டார். அவர் கத்தோலிக்கர் என்பதையும், அந்த மண்ணில் கத்தோலிக்கர்களே ஒரு காலத்தில் அந்நியர்களாகப் பார்க்கப்பட்டார்கள் என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் அந்தக் கேள்வியின் கனம் தெரியும்.

இவாஞ்சலிக்கல் என்றால் யார்? நம் ஊர் பெந்தெகொஸ்தே போலவா?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுராந்தகம்

சொல்லுக்குப் பொருள் தேடினால் 'சுவிசேஷத்தார்' என்று சொல்லலாம். வேதாகமமே முடிவான அதிகாரம், இயேசு சிலுவையில் நம் பாவத்துக்காக மரித்தார், ஒவ்வொருவரும் தனித்தனியாக மனந்திரும்ப வேண்டும், திரும்பியவர் அதைப் பிறருக்குச் சொல்ல வேண்டும். இந்த நான்கையும் பிடித்துக்கொண்டிருப்பவர்கள். பெந்தெகொஸ்தேகாரர்களும் அதில் அடக்கம், பாப்டிஸ்டுகளும் அடக்கம். நாசரேத்தில் உபதேசியாராக இருந்த என் தகப்பனார் இந்தப் பெயரைத் தமக்கு வைத்துக்கொண்டதில்லை. ஆனால் கன்வென்ஷன் பந்தலில் மண்ணெண்ணெய் விளக்கொளியில் அவர் சாட்சி சொன்னதை ஒரு வர்ஜீனியா விவசாயி கேட்டிருந்தால், நம் ஆள் என்றுதான் சொல்லியிருப்பார்.

அமெரிக்காவில் அந்தப் பெயர் கட்சி அடையாளமாகவும் ஆகிவிட்டது. அங்கே கறுப்பர் சபைகளில் போய் உட்காருங்கள். அதே வேதம், அதே இரட்சிப்பு, பாட்டில் இன்னும் கொஞ்சம் உயிர். ஓட்டோ பெருவாரியாக ஜனநாயகக் கட்சிக்கு. மார்ட்டின் லூதர் கிங் பிரசங்கித்த அட்லாண்டா எபனேசர் பாப்டிஸ்ட் சபையின் போதகர் ரஃபேல் வார்னாக், 2021 ஜனவரியில் ஜார்ஜியாவிலிருந்து செனட்டுக்குத் தேர்வானார், முற்போக்காளராகவே. அதனால்தான் கணிப்பாளர்கள் 'வெள்ளை இவாஞ்சலிக்கல்' என்று தனியாகப் பிரித்து எண்ணுகிறார்கள். அந்தக் கட்டத்தில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர்களுக்கு விழுந்தது, வாக்குச்சாவடி வாசலில் எடுத்த கணிப்புகளின்படி, 2004இல் சுமார் 21 சதவீதம், 2008இல் 24, 2012இல் 21, 2016இல் 16. நான்கில் ஒருவரைத் தொட்டதே பெரிய சாதனை. ஆனால் தேர்தலை முடிவு செய்வது சில மாநிலங்களில் இரண்டு மூன்று சதவீதம்தான் என்பதால், அந்தத் தொடுதலுக்கே ஆள் வைத்து வேலை செய்கிறார்கள்.

இரண்டு வசனத்தை எடுத்து விட்டால் ஓட்டு விழுந்துவிடாதா?
- வாசகி, காரைக்குடி

ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராக முயன்ற ஹோவர்ட் டீன் அப்படித்தான் நினைத்தார். 2004 ஜனவரியில், புதிய ஏற்பாட்டில் தமக்கு மிகவும் பிடித்தது யோபின் புத்தகம் என்று நிருபர்களிடம் சொன்னார். யோபு பழைய ஏற்பாட்டில் இருக்கிறது! எங்கள் ஊர் ஓய்வுநாள் பள்ளியில் இதைச் சொன்னால் ஏழு வயதுப் பிள்ளை எழுந்து நின்று திருத்தும். டீன் சற்று நேரத்தில் வந்து தாமே திருத்திக்கொண்டார். அதற்குள் ஊர் சிரித்துவிட்டது.

இன்னொன்று எனக்குச் சிரிப்பை வரவழைப்பதில்லை. ஒபாமாவின் ஊழியராக மதத்தாரோடு தொடர்பு வைத்துக்கொள்ளும் வேலையைப் பார்த்த மைக்கேல் வேர் சொன்னது. ஏழைகளுக்கான கொள்கைகளைப் பட்டியலிட்ட ஒரு தாளுக்கு அவர் மத்தேயு 25ஆம் அதிகாரத்துச் சொற்களைத் தலைப்பாக வைத்தார். 'மிகவும் சிறியவராகிய என் சகோதரரான இவர்களில் ஒருவனுக்கு நீங்கள் எதைச் செய்தீர்களோ, அதை எனக்கே செய்தீர்கள்' என்ற வசனத்தில் வரும் அந்த 'மிகவும் சிறியவர் இவர்கள்'. கூட வேலை செய்தவர் ஒருவர் அதை எழுத்துப் பிழை என்று நினைத்து, 'இவர்கள் என்றால் எவர்கள்? வாக்கியம் முடியவில்லையே' என்று கேட்டாராம். கோடிக்கணக்கான குடிமக்கள் மனப்பாடமாகச் சொல்லும் ஒரு வரி, அவர்களை ஆளும் அலுவலகத்தில் அச்சுப் பிழையாகத் தெரிந்திருக்கிறது. அந்த வரியை அடையாளம் காண நம்பிக்கை தேவையில்லை, அக்கம்பக்கம் பழகியிருந்தாலே போதும்.

இனி உங்கள் கேள்விக்கு நேரான பதில். அதே லிபர்ட்டிக்கு 2016 ஜனவரியில் டொனால்ட் டிரம்ப் வந்தார். 'கர்த்தருடைய ஆவி எங்கேயோ அங்கே விடுதலையுமுண்டு' என்ற வசனத்தை எடுத்தவர், 'இரண்டாம் கொரிந்தியர்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'இரண்டு கொரிந்தியர்' என்று சொல்லிவிட்டார். யாரோ இரண்டு கொரிந்து ஊர்க்காரர்கள் மதுக்கடைக்குப் போன கதை மாதிரி! அரங்கில் சிரித்தார்கள். பத்து மாதம் கழித்து, சிரித்தவர்களும் அவர்களைப் போன்றவர்களுமாக ஐந்தில் நான்கு பேர் அவருக்கே ஓட்டுப் போட்டார்கள். ஆமோஸை ஒழுங்காகச் சொன்னவருடைய கட்சிக்கு 16 சதவீதம் என்று மேலே பார்த்தோம்.

அந்த மே மாதம் டிரம்ப், உச்ச நீதிமன்றத்துக்கு யாரையெல்லாம் நியமிப்பேன் என்று பெயர்ப் பட்டியலே வெளியிட்டார். வசனத்தைக் கோட்டை விட்டவர் வாக்கை எழுதிக் கொடுத்தார். 2022 ஜூனில், அவர் நியமித்த மூவரும் சேர்ந்த பெரும்பான்மை, 1973இன் கருக்கலைப்புத் தீர்ப்பைத் தூக்கியெறிந்தது. அவருக்கு ஓட்டுப் போட்டவர்களைப் பார்த்து 'ஏமாந்தீர்கள்' என்று முற்போக்காளர்கள் பரிதாபப்படுவதை நான் கேட்டிருக்கிறேன். அவர்கள் ஏமாறவில்லை. கேட்டதை வாங்கிக்கொண்டார்கள்.

அப்படியானால் எல்லாமே கருக்கலைப்புதானா? ஆரம்பத்திலிருந்தே அப்படியா?
- வழக்கறிஞர், திருச்சி

ஆரம்பத்தில் அப்படி இல்லை. 1971இல் செயின்ட் லூயிஸில் கூடிய தெற்கு பாப்டிஸ்ட் மாநாடு (அந்தச் சபைப் பிரிவின் பெயரே அதுதான்), பாலியல் வன்கொடுமை, கருவின் கடுமையான குறைபாடு, தாயின் உடல் மனநலக் கேடு போன்ற நிலைகளில் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டங்களுக்காக உழைக்கும்படித் தன் உறுப்பினர்களைக் கேட்டுத் தீர்மானம் போட்டது. இன்றைய தெற்கு பாப்டிஸ்டிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார். அன்று அது கத்தோலிக்கர்களின் கவலை என்றுதான் இருந்தது.

தலைவர்கள் முதலில் கொதித்தது வரி விஷயத்தில். கறுப்பு வெள்ளை மாணவர்கள் காதலிப்பதைத் தடைசெய்த பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகத்தின் வரி விலக்கை வருமான வரித் துறை 1976இல் பறித்தது. 1978இல் வெள்ளையர் தனியார் பள்ளிகள் மீதும் கை வைக்கப் பார்த்தது. மறு ஆண்டு மாரல் மெஜாரிட்டி பிறந்தது. பாப் ஜோன்ஸ் வழக்கில் 1983இல் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்று பல்கலைக்கழகத்துக்கு எதிராகவே தீர்ப்புச் சொன்னது.

இந்த வரலாற்றைக் கையில் வைத்துக்கொண்டு, 'உங்கள் கவலையே வேஷம், உள்ளே இருப்பது நிறவெறி' என்று போய்ச் சொல்கிறவர்கள் உண்டு. ரோனோக் அம்மையார் 1978இல் இருபது வயதுப் பெண். வரி விலக்கு என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது. குறைமாதத்தில் பிறந்து பிழைத்த பேரனின் படத்தைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார். அவருடைய கவலையின் பிறப்பிடம் அந்தக் கதவுதான். தலைவர்கள் ஏன் தொடங்கினார்கள் என்பதும், இன்று ஒருத்தி ஏன் நம்புகிறாள் என்பதும் இரண்டு வேறு கேள்விகள்.

முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டரின் ஞாயிறு பள்ளிக்கு நீங்கள் போனதாக முன்பு எழுதியிருந்தீர்கள். அவர் இவாஞ்சலிக்கல்களின் சொந்த ஆள்தானே, அவரை ஏன் கைவிட்டார்கள்?
- வாசகர், நாகர்கோவில்

2014 வசந்த காலத்தில் போனேன். ஜார்ஜியாவின் பிளெய்ன்ஸ், அறுநூறு எழுநூறு பேர் வாழும் ஊர். சாலையோரம் பதின்மூன்று அடி உயர நிலக்கடலைச் சிலை ஒன்று கார்ட்டரின் பல்வரிசையைக் காட்டிச் சிரிக்கிறது. விடிவதற்கு முன்பே மரநாதா பாப்டிஸ்ட் ஆலயத்தின் முன்னால் கார்கள் வரிசை கட்டியிருந்தன. பாதுகாப்புப் படையினர் பையைச் சோதித்தார்கள். சபை அம்மையார் ஒருவர் பள்ளித் தலைமையாசிரியை போல விதிகளைச் சொன்னார்: கைதட்டக் கூடாது, கை குலுக்கக் கூடாது, ஆராதனை முடியும் வரை இருந்தால்தான் படம் எடுத்துக்கொள்ளலாம். கார்ட்டர் வந்தார், எந்தெந்த ஊர் என்று கேட்டார். மாநிலப் பெயர்களுக்கு நடுவே நான் 'இந்தியா' என்றேன். அவருடைய தாயார் லில்லியன் 68ஆம் வயதில் பீஸ் கோர் என்ற அமெரிக்க அரசுத் தொண்டமைப்பின் தொண்டராக வந்து மும்பையை ஒட்டிய விக்ரோலியில் நோயாளிகளைக் கவனித்தவர். அதைச் சொல்ல நினைத்து, தலைமையாசிரியை அம்மையாரைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். காணிக்கைத் தட்டு வந்தபோது, அது கார்ட்டர் தாமே கடைந்தது என்று பக்கத்தில் இருந்தவர் காதோடு சொன்னார்.

1976இல், 'நான் மறுபடியும் பிறந்தவன்' என்று ஒருவர் வெளிப்படையாகச் சொல்லி ஜனாதிபதித் தேர்தலில் நின்றது நாட்டுக்கே புதிது. நியூஸ்வீக் இதழ் அதை இவாஞ்சலிக்கல்களின் ஆண்டு என்றது. நான்கே ஆண்டில் நிலைமை தலைகீழ். 1980 ஆகஸ்டில் டல்லஸில் பல்லாயிரம் பேர் கூடிய மதத் தலைவர்கள் கூட்டத்துக்குக் குடியரசுக் கட்சி வேட்பாளர் ரொனால்ட் ரீகன் போனார். நீங்கள் என்னை ஆதரிப்பதாகச் சொல்ல முடியாது என்று தெரியும், நான் உங்களை ஆதரிக்கிறேன் என்றார். விவாகரத்து ஆனவர், ஹாலிவுட்காரர். ஓய்வுநாள் பள்ளி வாத்தியார் தோற்றார், நடிகர் ஜெயித்தார். கார்ட்டர் தன் விசுவாசத்தை ஆட்சிக்கு வெளியே வைத்திருந்தார். அவர்களோ அதை ஆட்சிக்குள் கொண்டுவர ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். 2000இல், பெண்கள் பற்றிய நிலைப்பாட்டை எதிர்த்து, அவரே தெற்கு பாப்டிஸ்ட் மாநாட்டோடு உறவை முறித்துக்கொண்டார். மரநாதாவில் பாடம் நடத்துவதை மட்டும் 2019 வரை விடவில்லை.

யாராவது இதை ஒழுங்காகச் செய்தார்களா?
- வாசகி, சிங்கப்பூர்

ஒபாமா, 2006 முதல் 2008 வரை. ஒரு மின்னஞ்சலில் தொடங்கியது. சிகாகோ மருத்துவர் ஒருவர், கருக்கலைப்பை எதிர்க்கும் கிறிஸ்தவர், 2004இல் செனட் தேர்தலில் நின்ற அவருக்கு எழுதினார். கட்சிக்குள் நடந்த தேர்தலில் உங்களுக்கு ஓட்டுப் போட்டேன், பொதுத் தேர்தலில் போட முடியுமா என்று தெரியவில்லை. உங்கள் இணையதளத்தில் எங்களை, பெண்ணின் உரிமையைப் பறிக்க அலையும் வலதுசாரி வெறியர்கள் என்கிற மாதிரி எழுதியிருக்கிறதே. உங்கள் கருத்தை மாற்றச் சொல்லவில்லை, நியாயமான சொற்களில் பேசுங்கள். ஒபாமா போய்ப் பார்த்தார், ஊழியர்கள் அப்படித்தான் எழுதி வைத்திருந்தார்கள். வெட்கப்பட்டு மாற்றச் சொன்னார். நிலைப்பாட்டை அல்ல, சொற்களை. இதை அவரே 2006 ஜூனில் வாஷிங்டனில், முற்போக்குக் கிறிஸ்தவர்களின் கூட்டத்தில் சொன்னார்.

அந்த டிசம்பரில், கலிஃபோர்னியாவின் சாடில்பேக் சபைப் போதகர் ரிக் வாரன், எய்ட்ஸ் மாநாட்டுக்கு அவரை அழைத்தார். பழமைவாத அமைப்புகள் அழைப்பைத் திரும்பப் பெறச் சொல்லிக் குரல் எழுப்பின. வாரன் அசையவில்லை. மேடையில் கூட இருந்தவர் கன்சாஸ் குடியரசுக் கட்சி செனட்டர் சாம் பிரவுன்பேக். முன்பு தாங்கள் இருவரும் கறுப்பர் கூட்டம் ஒன்றில் பேசியதை நினைவுபடுத்தி, 'என் வீட்டுக்கு நல்வரவு' என்று அவர் ஒபாமாவைச் சீண்டினார். கூட்டம் சிரித்தது. ஒபாமா தம் முறை வந்ததும், இது என் வீடும்தான், இது கடவுளின் வீடு என்றார். அதே பேச்சில், ஆணுறை கிடைக்கச் செய்ய வேண்டும், மனப்பூர்வமான நம்பிக்கையால் அதை எதிர்ப்பவர்களோடு மரியாதையாக, ஆனால் திட்டவட்டமாக மாறுபடுகிறேன் என்றும் சொன்னார். எழுந்து நின்று கைதட்டினார்கள். அவரும் பிரவுன்பேக்கும் அங்கேயே எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்துகொண்டார்கள்.

2008 ஆகஸ்ட் 16 அன்று மறுபடியும் சாடில்பேக் போனார், இம்முறை வேட்பாளராக. குழந்தைக்கு மனித உரிமை எந்தக் கட்டத்தில் வருகிறது என்று வாரன் கேட்டார். ஒபாமா, அதைத் துல்லியமாகச் சொல்வது என் சம்பளத் தகுதிக்கு மேற்பட்டது என்றார். அடுத்து வந்த குடியரசுக் கட்சி வேட்பாளர் மெக்கெய்ன், 'கரு உருவாகும் கணத்தில்' என்று ஒரே வீச்சில் சொல்லி அரங்கை அள்ளினார். இரண்டு ஆண்டு உழைத்துச் சேர்த்த நம்பிக்கையை ஒபாமா அந்த ஒரு சாமர்த்தியத்தில் பாதி கரைத்துவிட்டார் என்பது என் எண்ணம். ஆணுறை விஷயத்தில் முகத்துக்கு நேரே மாறுபட்டவரை மதித்தார்கள். நழுவியவரை மதிக்கவில்லை.

வெறுப்பவர்களிடம் போய்க் குழைவது, கூடவே நிற்பவர்களை விற்பதல்லவா?
- தொழிற்சங்கத் தோழர், கோவை

பல சமயம் ஆம். 2008 நவம்பரில் ஒபாமா வென்ற அதே நாளில், தன்பாலினத் திருமணத்தைத் தடைசெய்யும் சட்டத்திருத்தத்தைக் கலிஃபோர்னியா வாக்காளர்கள் ஏற்றார்கள். அதை ஆதரிக்கும்படித் தம் சபையாரைக் கேட்டுக்கொண்டவர் வாரன். அவரையே 2009 ஜனவரி 20 பதவியேற்பு விழாவில் தொடக்க ஜெபம் செய்ய ஒபாமா அழைத்தார். திருமணம் ரத்தாகிவிடுமோ என்று கலங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்? சமாதானமாக, இரண்டு நாள் முன்னதாக லிங்கன் நினைவிடத்து நிகழ்ச்சியில் ஜீன் ராபின்சன் என்ற தன்பாலீர்ப்புடைய பேராயரை ஜெபிக்க வைத்தார்கள். அந்த ஜெபம் டி.வி. நேரலையில் வரவே இல்லை.

அவர்கள் வீட்டுக்கு நீங்கள் போவது வேறு. உங்கள் வீட்டு விசேஷத்தில், உங்கள் பிள்ளையை அடித்தவரை, அந்தப் பிள்ளையை ஒரு வார்த்தை கேட்காமல் முன்வரிசையில் உட்கார வைப்பது வேறு. முதலாவதற்கு என் ஓட்டு உண்டு. இரண்டாவதற்குக் கிடையாது.

நான்கு ஆண்டு கழித்து ஊசல் மறு பக்கம் போனது. இரண்டாம் பதவியேற்புக்கு அழைக்கப்பட்ட லூயி கிக்லியோ, மனித வியாபாரத்தை எதிர்த்து இளைஞர்களைத் திரட்டியவர், தன்பாலீர்ப்பைக் கண்டித்து 1990களில் செய்த ஒரு பிரசங்கம் வெளியே வந்ததால் விலகிக்கொண்டார். 2019இல் ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராக முயன்ற பெட்டோ ஓ'ரூர்க் இன்னும் ஒரு படி போய், தன்பாலினத் திருமணத்தை எதிர்க்கும் சபைகளுக்கு வரி விலக்கு வேண்டாம் என்று டி.வி.யில் சொன்னார். எதிர்த்தரப்புக்கு அதைவிட நல்ல பிரசாரத்தை அவர்களே தயாரித்திருக்க முடியாது.

எப்போதும் முற்போக்காளர்தான் படியேற வேண்டுமா? அந்தப் பக்கம் யாரும் இறங்கி வர மாட்டார்களா?
- வாசகர், ஈரோடு

இறங்கி வந்தவர் ஒருவரைச் சொல்கிறேன். ரிச்சர்ட் சிசிக். தேசிய இவாஞ்சலிக்கல் சங்கத்தின் வாஷிங்டன் முகமாக நெடுங்காலம் இருந்தவர், தட்பவெப்ப மாற்றத்தைப் பற்றி முதலிலேயே பேசியவர். 2008 டிசம்பரில் ஒரு வானொலிப் பேட்டியில், தன்பாலினத்தவரின் சட்டபூர்வ இணைவு குறித்துத் தம் எண்ணம் மாறிவருகிறது என்றார். திருமணம் என்றுகூடச் சொல்லவில்லை. சில நாட்களில் பதவி போயிற்று.

இப்போது யார் இருக்கிறார்கள்?
- வாசகி, தஞ்சாவூர்

கென்டக்கி ஆளுநர் ஆண்டி பெஷியர், தம் சபையில் டீக்கனாக இருப்பவர். 2023இல் திருநர் பிள்ளைகளுக்கு எதிரான மசோதாவை நிராகரித்துவிட்டு, எல்லாக் குழந்தைகளும் கடவுளின் குழந்தைகள் என்பதே காரணம் என்றார். சட்டமன்றம் அவரை மீறி அதை நிறைவேற்றியது. அந்த நவம்பரில் அதே பழமைவாத மாநிலம் அவரை மறுபடி தேர்ந்தெடுத்தது.

டெக்சஸில் ஜேம்ஸ் டாலரிகோ, சட்டமன்ற உறுப்பினராக இருந்தபடியே பிரெஸ்பிட்டீரியன் இறையியல் கல்லூரியில் படித்தவர். 2025 மே மாதம், பள்ளி வகுப்பறைகளில் பத்துக் கட்டளைகளை மாட்டும் மசோதா ஒரு சனிக்கிழமை விவாதத்துக்கு வந்தது. யூதர்களுக்கு இன்று ஓய்வுநாள், கிறிஸ்தவர்களுக்கு நாளை ஓய்வுநாள், நாளைக்குத்தானே இறுதி வாக்கெடுப்பு, நான்காம் கட்டளைப்படி தள்ளிவைப்போமா என்ற ரீதியில் கேட்டார். மசோதா தள்ளிவைக்கப்படாமலே நிறைவேறியது. காட்சி உலகம் சுற்றியது.

தங்கை அதைக் கைபேசியில் ரோனோக் அம்மையாருக்குக் காட்டினாளாம். அம்மையார் வாய்விட்டுச் சிரித்து, இன்னொரு தரம் போடச் சொல்லிப் பார்த்துவிட்டு, 'இந்தப் பையனுக்கு வேதம் தெரிகிறது' என்றாராம். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாராம், 'கருக்கலைப்பைப் பற்றி என்ன சொல்கிறான்?'

தங்கை எழுந்து போய் இன்னொரு கோப்பை காபி ஊற்றிக்கொண்டு வந்தாளாம்.